ஹால்வருக்கு நான் சொன்ன ஆஜர்

ஹால்வர் பிரெக்கேயின் பெயருக்கு நான் மூன்று தடவை ஆஜர் சொன்னேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பனியில் கிடந்த ஒரு சிப்பாய் என்பதோடு அவன் முடிந்துபோவான். எனக்கு அது பொறுக்காது.

அமெரிக்கக் குதிரைப்படையில் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. இருபத்தொன்று என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தான். அதில் தப்பொன்றும் இல்லை, பாதிப்பேர் அப்படித்தான் சேர்ந்தோம். ஆள் எடுக்கும் அதிகாரி பல்லைப் பார்ப்பார், நெஞ்சைத் தட்டுவார், வயதைக் கிளற மாட்டார். மின்னசோட்டாவில் அவன் வீட்டுக் கோதுமையை மூன்று வருஷம் தொடர்ந்து வெட்டுக்கிளி தின்றுவிட்டது. மூன்றாம் வருஷம் அவனுடைய அப்பா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா தன் தம்பி வீட்டோடு போய்விட்டாள். இவன் பட்டாளத்துக்கு வந்துவிட்டான்.

எங்கள் தலைமை சார்ஜன்ட் ராடமாக்கர் ஒரு ஜெர்மன்காரர். முதல் நாளே அவனை நிறுத்திவைத்துக் கேட்டார்.

"ஏய் நார்வேக்காரா, குதிரை ஏறத் தெரியுமா?"

"ஏர் உழற குதிரை மேல உக்காந்திருக்கேன், சார்ஜன்ட்."

"இது உழாது. உதைக்கும்."

"பரவால்ல சார்ஜன்ட். எங்க மாமாவும் அப்படித்தான்."

கொட்டடியே சிரித்தது. ராடமாக்கர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "மாலக்கி, இவன் உன் பங்காளி. பார்த்துக்க" என்று என்னிடம் தள்ளிவிட்டுப் போனார்.

பங்காளி என்றால் போர்வைப் பங்காளி. ஒவ்வொருவனுக்கும் கொடுப்பது இரண்டே கம்பளி. மிசௌரி ஆற்றங்கரையில் நவம்பர் மாதம் அது மூக்கைக் கூட மூடாது. இரண்டு பேர் சேர்ந்தால் நான்கு கம்பளி, அத்துடன் முதுகுச் சூடு. ஒருவன் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனால் மற்றவன் காபி போடுவான். ஒருவன் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் மற்றவன் அவன் பெயருக்கும் குரல் கொடுப்பான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. செய்யாதவனுக்கு அடுத்த குளிரில் பக்கத்தில் படுக்க ஆள் கிடைக்காது, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அயர்லாந்தில் பிறந்து, நியூயார்க் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கடைசியில் இங்கே வந்து விழுந்தவன். அவன் என்னைப் 'பெரிசு' என்றுதான் கூப்பிடுவான். கெட்ட பயல். தூங்கும்போது இரண்டு காலையும் கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டு, அவை ஐஸாக ஆனபிறகு என் முழங்காலில் கொண்டுவந்து ஒட்டுவான். தூக்கத்தில் நார்வே மொழியில் யாருக்கோ வழி சொல்வான். கல் மாதிரி இருக்கும் ராணுவ பிஸ்கட்டைப் பன்றிக் கொழுப்பில் வறுத்து, மேலே கருப்பஞ்சாற்றுப் பாகை ஊற்றித் தருவான். அதைத் தின்பதற்காகப் பக்கத்துக் கம்பெனிக்காரன்கள் கூட வந்து பல்லிளித்துக்கொண்டு நிற்பார்கள். தன் குதிரையை அவன் ஒருநாளும் திட்டியதில்லை. என்னைத்தான் திட்டுவான்.

"பெரிசு, நீ குறட்டை விட்டா குதிரைங்க லாயத்துல கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுதுங்க."

"நீ காலை உள்ள வெச்சா நான் ஏண்டா மல்லாந்து படுக்கறேன்?"

சண்டை என்று எங்களுக்குள் வந்ததெல்லாம் இவ்வளவுதான். உண்மையான சண்டையை முதல் வருஷ இலையுதிர்காலத்தில் பார்த்தோம். அதைச் சண்டை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடியற்காலையில் சூ பழங்குடியினரின் ஊர் ஒன்றுக்குள் குதிரைகளை விட்டோம். ஆண்கள் சுட்டுக்கொண்டே பின்வாங்கினார்கள், பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி ஓடினார்கள். பிறகு கூடாரங்களையும், குளிர்காலத்துக்கென்று அவர்கள் காயவைத்திருந்த எருமை இறைச்சியையும் குவித்து எரிக்கச் சொன்னார்கள். எரித்தோம்.  மூன்றாம் நாள் ஹால்வர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"எங்க வயலை வெட்டுக்கிளி தின்னுச்சு, பெரிசு. இவங்களோடதை நாம தின்னுட்டோம்."

"வாயை மூடிக்கிட்டு குடி" என்றேன். அவன் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது.

அதன்பிறகு இரண்டு வருஷம் கோட்டையிலேயே கிடந்தோம். குதிரைப்படை என்று பேர். கையில் இருந்ததோ கோடாலி, ரம்பம், மண்வெட்டி. ஆற்றில் ஐஸ் வெட்டினோம், விறகு பிளந்தோம், அதிகாரிகள் வீட்டுக்கு வேலி கட்டினோம். ஹால்வர் எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் செய்தான். அவனுக்கு ஒரே கவலைதான் இருந்தது. அம்மாவின் கண்.

அம்மாவின் கடிதங்களை அவர்கள் ஊர்ப் பாதிரியார் எழுதித் தருவார். ஹால்வர் அவற்றை எனக்கு ஆங்கிலத்தில் மாற்றி வாசித்துக் காட்டுவான். முதலில் வலது கண்ணில் புகை மாதிரி என்றாள். பிறகு இடது கண்ணிலும் என்றாள். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டாம் வருஷம் நவம்பரில் வந்த கடிதத்தில் வைத்தியர் கைவிட்டுவிட்டதாக எழுதியிருந்தது. "வெளிச்சத்தில் பக்கத்தில் வந்து நின்றால் இன்னும் முகம் தெரிகிறது. கோடை வரைக்கும் தாங்காது என்கிறார்கள். உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அப்புறம் இருட்டானாலும் பரவாயில்லை."

இதை வாசிக்கும்போது அவன் அழவில்லை. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேரே ராடமாக்கரிடம் போய் விடுப்புக் கேட்டான்.

குளிர்காலத்தில் விடுப்புக் கொடுப்பார்கள், ஆனால் கம்பெனிக்கு ஒருவனாகத்தான் விடுவார்கள். எங்கள் கேப்டன் அதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஒரு தடவை பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் விடுப்பு போச்சு, அடுத்த பெயருக்குப் போய்விடும். ஜனவரிப் பட்டியலில் முதல் பெயர் ஹால்வருடையது. இரண்டாவது பெயர் என்னுடையது. எனக்குப் போக இடமில்லை, பார்க்க ஆளில்லை. செயின்ட் பால் நகரத்துக்குப் போய் ஒரு மாதம் குடித்துவிட்டு வரலாம் என்றுதான் பெயர் கொடுத்திருந்தேன். இந்தப் பட்டியல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இல்லை, பட்டியலைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

விடுப்புத் தாளில் கையெழுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை அவன் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை மதியம், வாராந்திரப் படைச் சோதனை முடிந்ததும், நாலு மைல் தள்ளி ஆற்றங்கரையில் இருந்த விறகுவெட்டிகளின் முகாமுக்குப் புறப்பட்டான். அங்கே நீல்ஸ் என்ற நார்வேக்காரனின் மனைவி, அவன் அம்மாவுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை பின்னி முடித்திருந்தாள். அன்றைக்கு வெயில் அடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. எருமைத்தோல் கோட்டு கனம் என்று கட்டிலிலேயே போட்டுவிட்டுப் போனான்.

"கோட்டை எடுத்துக்கிட்டுப் போடா."

"எதுக்கு? வேர்த்து ஊத்தவா? சாயங்காலம் பேர் கூப்பிடறதுக்குள்ள வந்துடுவேன், பெரிசு."

"வரலேன்னா?"

"நீ எதுக்கு இருக்கே?"

சிரித்துக்கொண்டே போனான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

மூன்று மணிக்கு வடமேற்கிலிருந்து புயல் வந்தது. அந்த ஊர்ப் பனிப்புயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டடி வாசலில் நின்றால் பத்தடி தூரத்துக் கொடிக்கம்பம் தெரியவில்லை. மாலையில் பெயர் கூப்பிட பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதியதும் எங்களை வெளியே நிறுத்தவில்லை, உள்ளேயே கட்டில் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ராடமாக்கர் பட்டியலையும் பார்க்க மாட்டார், ஆளையும் பார்க்க மாட்டார். எழுபது பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"பிரெக்கே!"

"ஆஜர், சார்ஜன்ட்!" என்றேன், குரலைக் கொஞ்சம் மெல்லியதாக்கி. எதிர்க் கட்டில்காரன் இருமுவதுபோல் சிரித்தான். நானும் சிரித்தேன். பயல் நீல்ஸ் வீட்டு அடுப்போரம் உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருப்பான் என்றுதான் மனப்பூர்வமாக நினைத்தேன். இந்தப் புயலில் புத்தியுள்ளவன் எவன் கிளம்புவான்? புயல் வருவதற்கு முன்பே அவன் கிளம்பியிருப்பான் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலையிலும் புயல் ஓயவில்லை. மறுபடி பியூகிள், மறுபடி கொட்டடிக்குள்ளேயே வரிசை. மறுபடி ஆஜர் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவன் வெறும் கட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவன் இருக்குமிடம் எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் காற்று கொஞ்சம் அடங்கியது. இரண்டு மணிநேரம் இருக்கும். ஆற்றங்கரை மரங்கள் கூடத் தெரிந்தன.  ஹால்வரின் கோட்டு இன்னும் கட்டிலில் கிடந்தது. ராடமாக்கர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து அவரிடம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

"என்ன, மாலக்கி?"

சொன்னால் ஹால்வரின் விடுப்பு போய்விடும். அது யாருக்கு வரும்? எனக்கு வரும். பங்காளியைக் காட்டிக்கொடுத்து விடுப்பைப் பிடுங்கிக்கொண்டான் மாலக்கி என்று கம்பெனி முழுக்கப் பேசும். அவன் அம்மா முகம் பார்க்காமலே குருடாவாள், நான் செயின்ட் பாலில் குடித்துக்கொண்டிருப்பேன். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. எது முதலில் ஓடியது என்று நாற்பது வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் விடுப்பா, என் பெயரா? என் பெயர்தான்.

"ஒண்ணுமில்ல, சார்ஜன்ட். பொகையில இருக்கா?"

அவர் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். நான் வாயில் போட்டு மென்றேன். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பவும் கிளம்பியது. மாலையில் மூன்றாம் தடவை ஆஜர் சொன்னேன்.

திங்கள் காலை வானம் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. பெயர் கூப்பிடுவதற்கு முன்பே, கையில் விடுப்புத் தாளோடு, ராடமாக்கர் ஹால்வரின் கட்டிலுக்கு வந்தார். அவனுக்கு அதைத் தானே கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். அப்போதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தனை நேரமா?" என்றார். "சனிக்கிழமையிலேருந்து" என்றேன். அவர் முகம் சாம்பல் பூத்துப்போயிற்று.

குதிரைகளைக் கிளப்பி வாசலுக்கு வருவதற்குள், எதிரே நீல்ஸே பனிச்சறுக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தான்.

"ஹால்வர் நல்லபடியா வந்து சேர்ந்தானா?" என்று கேட்டான். "சனிக்கிழமை ரெண்டு மணிக்கே போயிட்டான். இருடா, காபி குடிச்சுட்டுப் போன்னோம். பேர் கூப்பிடுவாங்க, லீவு போயிடும்னுட்டு ஓடினான்."

நாங்கள் பதினாறு பேர் தேடினோம். கண்டுபிடித்தது எங்களோடு இருந்த அரிக்கரா பழங்குடி வழிகாட்டி, கருஞ்சிறகு என்று பெயர். தூரமாகத் தேடிக்கொண்டிருந்தோம், அவன் கோட்டைக்குப் பக்கத்திலிருந்துதான் கத்தினான். கோட்டையிலிருந்து அரை மைல்கூட இருக்காது. ஹால்வர் கண் தெரியாமல் நடந்து செங்குத்தான கரையிலிருந்து ஆற்றோரம் விழுந்திருக்கிறான். கணுக்கால் முறிந்திருந்தது. கரையடியில் காற்றுப் படாத ஒரு குடைவில், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முன்னால் சாம்பல். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுள்ளி மிச்சமில்லை. தொப்பியை எரித்திருந்தான், இடுப்பு வாரை எரித்திருந்தான், அம்மாவின் கடிதங்களை எரித்திருந்தான். சால்வையை மட்டும் காலில் சுற்றிக்கொள்ளாமல், நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தான். முட்டாள்.

கருஞ்சிறகு சாம்பலுக்குள் விரலைவிட்டுக் கிளறிப் பார்த்தான்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் குச்சி போட்டிருக்கான். அதுக்கப்புறமும் சாயங்காலம் வரைக்கும் இருந்திருப்பான்" என்றான். பிறகு கோட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க ஏன் சுடல?" என்று கேட்டான்.

புயலில் ஓர் ஆள் குறைந்தால் அரை மணிக்கு ஒரு முறை பீரங்கி சுடுவது எங்கள் வழக்கம். உன்னைத் தேடுகிறோம், தைரியமாக இரு என்று அர்த்தம். போன குளிரில் ஒரு வண்டிக்காரன் அப்படித்தான் பிழைத்தான். இந்தத் தடவை சுடவில்லை. எங்கள் கணக்கில் ஆள் குறையவே இல்லை.

 அந்த நேரம் பார்த்துக் கோட்டையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் பியூகிள் ஊதினார்கள். கரையடியில் நின்ற எங்களுக்கு அது ஒவ்வொரு சுரமாகத் தெளிவாகக் கேட்டது. ராடமாக்கர் தொப்பியைக் கழற்றினார்.  மூன்று தடவை பெயர் கூப்பிட ஊதியதும் அவனுக்கு இப்படித்தானே கேட்டிருக்கும்? ஒவ்வொரு தடவையும், இதோ இப்போது தெரிந்துவிடும், இதோ இப்போது வருவார்கள் என்று எண்ணியிருப்பான். ஒவ்வொரு தடவையும் நான் ஆஜர் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இரண்டு மாதம் காவல் அறை கிடைத்தது. சாகும்வரை போட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். கம்பெனியில் ஒருவன்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனவன் பங்காளிக்கு அவனவனும் அதைத்தான் செய்திருப்பான். அதனால்தான் யாரும் என் பக்கத்தில் உட்காரவும் இல்லை. ராடமாக்கர் அதற்கப்புறம் கண்ணைத் திறந்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் பெயர் கூப்பிட்டார்.

ஏப்ரலில் வெளியே வந்தபோது விடுப்புப் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையதாகவே இருந்தது. அதை அடிக்க யாருக்கும் தோன்றவில்லையா, வேண்டுமென்றே விட்டுவைத்தார்களா, தெரியாது. தாளை வாங்கிக்கொண்டேன். செயின்ட் பாலுக்குப் போகவில்லை.

அவன் மாமா வீடு ரயில் நிலையத்திலிருந்து ஒன்பது மைல். இங்கெபோர்க் என்பது அந்த அம்மாவின் பெயர். பிள்ளை கடமையில் இருந்தபோது பனிப்புயலில் இறந்தான் என்று கேப்டன் எழுதியிருந்தார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கையைப் பிடித்து மேசையருகே உட்கார வைத்தாள். சுவரைத் தடவித் தடவிப் போய்க் காபி கொண்டுவந்தாள். ரொட்டி வைத்தாள், வெண்ணெய் வைத்தாள். ஆங்கிலத்தை மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் பேசினாள்.

"நீதானே மாலக்கி? குறட்டை விடுவியாமே. எழுதியிருந்தான்."

சால்வையைக் கொடுத்தேன். மடியில் போட்டு ஒவ்வொரு பின்னலாக விரலால் தொட்டாள். அப்படியே எழுந்து வந்துவிட்டிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ரொட்டியை என்னால் விழுங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் அழுதுகொண்டே சொன்னதில் அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. நான் நிறுத்தியதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த பியூகிள் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்குமா?"

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது, கேட்டிருக்காது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"கேட்டிருக்கும்மா."

"அப்போ நீ வருவேன்னு காத்துக்கிட்டு இருந்திருப்பான்."

"ஆமாம்மா."

 வெளியே யாரோ கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கினாள்.

"இப்படி வெளிச்சத்துக்கு வா. பக்கத்துல வா. கண்ணு போறதுக்குள்ள உன் முகத்தையாவது பார்த்து வெச்சுக்கறேன்."

போய் நின்றேன். மூக்கும் மூக்கும் முட்டும் அளவுக்குக் கிட்டே வந்து, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஓர் இடம் விடாமல் பார்த்தாள். என்ன மனதோடு பார்த்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் பார்த்து முடிக்கும் வரைக்கும் நான் முகத்தைத் திருப்பவில்லை.